எந்த மூன்றரை மணி?

அன்புள்ள சார்,

நான் ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். அரிசோனா வந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து ஜூன் மாதம் வந்தார்கள், டிசம்பர் முதல் வாரம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். இந்த ஆறு மாதத்தில் வீட்டிலும் பயணத்திலும் நடந்த வேடிக்கைகளை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். இந்த வெறுமையான பாலைத் திணையில் சிரிக்கவும் விஷயம் இருக்கிறது என்று காட்ட ஆசை.

ஜூலையில் காரில் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே போனோம். சாப்பிடப் போன இடத்தில் பரிமாறுகிற பெண் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்டாள். ரெண்டையும் கொண்டுவரச் சொல்லு என்றார் அம்மா. அந்தப் பெண் "கிறிஸ்துமஸ்!" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனாள். "ஆடி மாசத்துல ஏதுடி கிறிஸ்துமஸ்?" என்று அம்மா கேட்டது இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது.

திரும்பும்போது கயென்டாவில் தங்கிவிட்டு மறுநாள் ஆன்டிலோப் கேன்யன் என்கிற பாறைப் பிளவைப் பார்க்கப் போனோம். பேஜ் ஊரில் பத்தரை மணிக்கு டூர். காலையில் என் போனில் எட்டேகால். அப்பா தன் பழைய எச்.எம்.டி. வாட்சைக் காட்டி, "ஏழேகால்தான ஆகுது, எதுக்கு இப்படிப் பறக்க?" என்கிறார். ஜூனில் வந்து இறங்கிய அன்று பேரன் திருப்பிவைத்துக் கொடுத்த நேரம் அது. நியூ மெக்சிகோவில்கூட மாற்றவில்லை. சத்தம் போட்டுக் கிளப்பினேன். அடித்துப் பிடித்துப் போனால், இன்னும் நேரம் ஆகவில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள். செவ்விந்தியர் ஏரியா, எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் போல. ஒன்றரை மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். அப்பா மட்டும் நிம்மதியாக மிளகாய்ப்பொடி தடவிய இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாட்ச் மாறாத மனுஷர்" என்று பெயரே வைத்துவிட்டோம்.

இன்னும் நிறைய இருக்கிறது. சூட்டுக்குப் பயந்து ஓவன் கையுறை போட்டு ஸ்டீயரிங் பிடித்தது, குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் வெந்நீர் கொட்டியது, அப்பாவின் வேட்டியில் சோய்யா கள்ளி ஒட்டியது, சாண்ட்லரில் முள்செடியை அடுக்கிக் கிறிஸ்துமஸ் மரம் கட்டுவதைப் பார்த்து "முள்ளுக்கு எதுக்கு வெள்ளையடிக்காங்க?" என்று அம்மா கேட்டது. ஹாலோவீனுக்கு வாசலில் வைத்த பறங்கியை, காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹாவெலீனாக்களின் கூட்டம் ராத்திரியில் தின்றுவிட்டது. "சாப்பிடத் தெரிஞ்சது அதுகளுக்குத்தான்" என்றார் அம்மா.

என் கேள்வி இதுதான். இதையெல்லாம் எழுதினால் இலக்கியமாகுமா, இல்லை வாட்ஸ்அப் துணுக்கா? பேச்சுத் தமிழில் எழுதவா, எழுத்துத் தமிழில் எழுதவா?

அன்புடன்,
எஸ்., சாண்ட்லர்

*

அன்புள்ள எஸ்.,

போன வாரம் மேஜை இழுப்பறையை ஒழுங்குபண்ணும்போது ஒரு பழைய பெட்ரோல் ரசீது கையில் கிடைத்தது. அச்சடித்த பக்கம் முழுக்க வெளிறிப்போய்விட்டது. எந்த பங்க், எத்தனை கேலன், ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் போட்ட ஒரு வகுத்தல் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. என் அம்மாவின் கையெழுத்து. அதைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது, அதில் உங்கள் அப்பாவின் வாட்ச். மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு உட்கார்ந்தது அதனால்தான்.

சீக்கிரம் சொல்லி முடிக்கவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவன் கையுறையை எடுத்துவிடுங்கள். ஃபீனிக்ஸுக்கு வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் முதல் கோடையில் அந்தப் படத்தை எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 2023-இல் ஜூன் கடைசி நாளிலிருந்து தொடர்ந்து 31 நாள் அங்கே பகலின் உச்ச வெயில் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் எத்தனை பேர் அந்தக் கையுறையைப் பற்றி எழுதியிருப்பார்கள்! குழாய் விஷயமும் அப்படித்தான். ஆனால் குழாயைத் திறந்துவிட்டு உங்கள் அப்பா என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரியே வாளியில் பிடித்துவைத்து ஆறவிட்டுக் காலையில் குளித்தாரா? என் மாமனார் அப்படித்தான் செய்தார். குழாயை விட்டுத்தள்ளுங்கள், அந்த வாளியை எழுதுங்கள்.

அப்புறம் அந்தப் "பாலைத் திணை". தயவுசெய்து வேண்டாம். அரிசோனாவைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியில் பாலைத் திணை வந்து நிற்கிறது. சங்கப் பாடல்களின் பாலை, வேனிலில் காய்ந்துபோன காடும் மலையும். மழை வந்தால் அது திரும்ப முல்லையும் குறிஞ்சியுமாகிவிடும். நீங்கள் இருப்பது சொனோரன் பாலைவனம். வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள இடம். குளிர்காலத்தில் மெதுவாக ஒரு மழை, ஜூலையில் இடியும் மின்னலுமாக இன்னொன்று. ஜூன் கடைசியில் சகுவாரோ என்கிற உயரமான கள்ளியின் பழம் பழுக்கிறது. இங்கே பூர்வகுடிகளான டொஹோனோ ஓதம் மக்கள் நீளமான கழியால் அதைத் தட்டி இறக்கிப் பாகு காய்ச்சுகிறார்கள். அந்தக் கழியே காய்ந்துபோன சகுவாரோவின் விலா எலும்பில் செய்தது. அவர்களுக்குப் புது வருடமும் அந்தச் சமயத்தில்தான் பிறக்கிறது. முதல் மழைக்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் கிரியோசோட் புதரின் வாசனை வரும். டூசானில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன், இன்னும் அந்த வாசனை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் பதினோரு வருடம் இருந்துவிட்டு "வெறுமையான" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு எழுதினால் அப்படித்தான் வரும்.

இப்போது வாட்ச்.

அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தேன். அன்று காலை உங்கள் காரில் சரியான நேரம் காட்டியது அப்பாவின் வாட்ச் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறது. அரிசோனா தள்ளுவதில்லை. 1967-இல் ஒரே ஒரு கோடை அதைச் செய்து பார்த்தார்கள். ஜூனில் ஏழே முக்காலுக்குள் மறைகிற சூரியன் எட்டே முக்கால்வரை எரிந்துகொண்டிருந்தால் இந்த வெயிலில் பிள்ளைகளை எப்போது வெளியே விடுவது, எப்போது தூங்கவைப்பது? 1968-இல் சட்டமன்றம் அதைத் தூக்கிவிட்டது. ஆனால் அரிசோனாவின் வடகிழக்கில் இருக்கும் நவஹோ தேசம், நவஹோ பூர்வகுடிகளின் தன்னாட்சி நிலம், மாற்றுகிறது. அவர்கள் நிலம் யூட்டாவுக்குள்ளும் நியூ மெக்சிகோவுக்குள்ளும் பரவியிருக்கிறது. அங்கெல்லாம் மாற்றுகிறார்கள், ஒரே தேசத்துக்குள் இரண்டு நேரம் வைத்துக்கொள்ள முடியாது. கயென்டா நவஹோ ஊர். அங்கே உங்கள் போன் எட்டேகால் காட்டியது சரிதான். ஆனால் உங்கள் டூர் பேஜில். பேஜ், கிளென் கேன்யன் அணை கட்ட வந்தவர்களுக்காக 1957-இல் உருவான ஊர். நவஹோக்களிடம் மாற்றுநிலம் கொடுத்து வாங்கிய மேட்டில் இருக்கிறது, அதனால் அங்கே அரிசோனா நேரம். ஆன்டிலோப் கேன்யன் இருப்பது நவஹோ நிலத்தில் என்றாலும், வருகிறவர்கள் குழம்பக்கூடாது என்று டூர்களைப் பேஜ் நேரப்படிதான் நடத்துகிறார்கள். யூட்டா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். முன்பதிவு செய்யும்போதே, போனை நம்பாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

நீங்கள் எட்டேகால் என்று நினைத்துக் கிளம்பியபோது, நீங்கள் போகிற ஊரில் மணி ஏழேகால். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒன்பது. பத்தரைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நீங்கள் காத்திருந்த அதே ஒன்றரை மணி நேரம். நியூ மெக்சிகோவில் உங்கள் அப்பா ஒரு மணி நேரம் பின்னால் இருந்தார், அது வாஸ்தவம். ஆனால் கயென்டாவில் அவர் சொன்ன ஏழேகால், உங்கள் டூர்க் கணக்கில் நிமிஷம் பிசகாத ஏழேகால்.

ஆகவே டூர்க்காரர்கள் தாமதம் செய்யவில்லை. சொன்ன நேரத்துக்குத்தான் கூப்பிட்டார்கள், நீங்கள்தான் முந்திக்கொண்டு போய் நின்றீர்கள். "செவ்விந்தியர் ஏரியா, எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் போல" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எந்த மக்கள்? நவஹோவா, ஹோப்பியா? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தனித்தனி மக்கள். மொழி வேறு, வீடு கட்டும் முறை வேறு, கோடையில் கடிகாரமே வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் நீங்கள் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றீர்கள். நின்றுவிட்டுப் பழியை அவர்கள் தலையிலும் அப்பா தலையிலும் போட்டுவிட்டீர்கள். அந்த வரியை அடித்தால் போதாது, பக்கத்தையே கிழித்துவிட்டு வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

இவ்வளவு கடுமையாக ஏன் சொல்கிறேன் என்றால், இதே தப்பை நான் பத்து வருடம் செய்தேன்.

2009 ஜூன் 23, செவ்வாய்க்கிழமை. அம்மா அப்போது டூசானில் எங்களோடு இருந்தாள், வயது எழுபத்தொன்று. கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு, கேமரன் வழியாக டியூபா சிட்டி வந்தோம். அங்கிருந்து ஹோப்பிகளின் மேட்டு ஊர்களுக்குப் போவதாகத் திட்டம். டியூபா சிட்டி நவஹோ ஊர், ஆனால் பெயர் டூவி என்ற ஹோப்பித் தலைவருடையது. சாலையைத் தாண்டினால் மோயென்கோபி, அது ஹோப்பி ஊர். ஹோப்பி நிலம் நான்கு பக்கமும் நவஹோ நிலத்தால் சூழப்பட்டது, அவர்கள் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் வேறு நேரம். அங்கிருந்து 264-ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் நவஹோ, ஹோப்பி, அதற்குள் தீவு மாதிரி ஜெடிட்டோ என்கிற நவஹோ இடம், திரும்ப ஹோப்பி, கடைசியில் மறுபடி நவஹோ. சொல்பேச்சுக் கேட்கிற கடிகாரமாக இருந்தால் அன்றைக்குள் அதற்குத் தலை சுற்றிவிடும்.

நாங்கள் ஹோப்பிப் பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தோம். சுவரில் மூன்றரை மணி. செவ்வாய்க்கிழமை, மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். அம்மா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா ஊருக்கே நாள் பார்த்துச் சொல்கிறவர். ராகுகாலத்தில் அம்மா காலை எடுத்து வெளியே வைக்கமாட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அது வேறு விஷயம். இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவள் ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு, "அம்மா, ராகுகாலம்னு யோசிக்காதே. ரோட்டைத் தாண்டினா மணி நாலரை. அந்தப் பக்கம் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தா ராகுகாலம் முடிஞ்சுபோச்சு" என்றேன். மனைவி சிரித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கதையை நான் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன். பொங்கல் விருந்தில், நண்பர்கள் வீட்டுக் கொலுவில், ஒரு கட்டுரையில்கூட. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்போடு முடித்துவிடுவேன். கேட்கிறவர்கள் "பாவம் அம்மா, குழம்பியிருப்பாங்க" என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

அம்மா குழம்பவில்லை. அன்று அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "இன்னிக்குச் சூரியன் எப்ப உதிச்சுது?" என்று கேட்டாள். ஐந்து பத்து என்று தோராயமாகச் சொன்னேன். "எப்ப மறையும்?" ஏழு நாற்பது. "எந்தப் பக்கத்து மணியில சொல்றே?" இந்தப் பக்கம், ஹோப்பிப் பக்கம். "ரெண்டையும் ஒரே பக்கத்து மணியில சொன்னியா?" சொன்னேன். என் கையிலிருந்த ரசீதை வாங்கினாள், கார் பானெட்டில் வைக்கப் போனாள், சுட்டது, முந்தானையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ரசீதை வைத்து எழுத ஆரம்பித்தாள். பகல் பதினாலரை மணி, 870 நிமிஷம். எட்டால் வகுத்தால் ஒரு கூறு 108 முக்கால். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று முணுமுணுத்துக்கொண்டே விரலை மடித்தாள். செல்வது ஆறாவது வார்த்தை, முதல் கூறில் எந்த நாளும் ராகுகாலம் கிடையாது, ஆகவே செவ்வாய்க்கு ஏழாவது கூறு. ஆறு கூறு போகவேண்டும், அறுநூற்று ஐம்பத்திரண்டரை நிமிஷம். ஐந்து பத்தோடு கூட்டினாள்.

"நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்குத்தான் ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்கு மறையற நாளுக்குத்தான் மூணிலேர்ந்து நாலரைங்கறது. அந்தப் பக்கம் போனாலும் இதே நேரம்தான் ஆரம்பிக்கும், அவங்க அதை அஞ்சு ரெண்டுன்னு சொல்லிப்பாங்க, அவ்வளவுதான். கிளம்பு, இன்னும் அரைமணி இருக்கு."

சாலையின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நேரம் அங்கே மேலே இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவள் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான். நான் ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். நன்றாகப் போட்டாய் கணக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அவளை வைத்துச் சிரிக்கவைத்தேனே தவிர, அந்தக் கணக்கைப் போன வாரம்வரை ஒரு தடவைகூட யாருக்கும் சொன்னதில்லை. கணக்கைச் சொன்னால் கதை நீளும், சிரிப்பு குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

சிரிப்பு குறையாது, எஸ். கணக்கோடு சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வேடிக்கை. போன வாரம் என் பெண்ணிடம் முழுசாகச் சொன்னேன். முந்தானையை மடித்துப் போட்ட இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், "அஞ்சு ரெண்டுன்னு சொல்லிப்பாங்க" என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விவரத்தை விட்டுவிட்டுச் சொன்னால் வேடிக்கை ஆளின் தலையில் வந்து விழுகிறது. நேரம் எது, ஊர் எது, சாலையின் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்லிப் பாருங்கள், அங்கே யாரும் முட்டாளாக நிற்கமாட்டார்கள். உங்கள் நோட்டில் அப்பாவும் அம்மாவும் இடம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பேராக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் காரில் இடம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

சான்டா ஃபேயைப் பாருங்கள். "சிவப்பா, பச்சையா?" என்பது நியூ மெக்சிகோவின் அதிகாரபூர்வமான மாநிலக் கேள்வி. மாநிலப் பூ, மாநிலப் பறவை போல அவர்களுக்கு மாநிலக் கேள்வியும் உண்டு. இரண்டும் வேண்டும் என்றால் கிறிஸ்துமஸ் என்று சொல்லவேண்டும். இதை நீங்கள் எழுதவில்லை, அதனால் அம்மாவின் கேள்வி ஏதோ தெரியாத்தனம் போல ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சிவப்பும் பச்சையும் ஒரே செடியின் மிளகாய். பச்சையாகப் பறித்துச் சுட்டால் பச்சை, பழுக்கவிட்டுக் காயவைத்தால் சிவப்பு. கோவில்பட்டிக்காரருக்கு வத்தல் மிளகாயைப் பற்றி யாராவது சொல்லிக்கொடுக்கவேண்டுமா? சான்டா ஃபேயில் வாசலுக்கு வாசல் மிளகாய் வத்தலைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, ரிஸ்த்ரா என்று. அதைப் பார்த்து அம்மா ஒன்றுமே சொல்லாமல் போயிருப்பார் என்று நான் நம்பவில்லை. விலை கேட்டிருப்பார், காம்பைக் கிள்ளிப் பார்த்திருப்பார், ஊர்க் காய்க்கு இது உறைக்காது என்றிருப்பார். கேட்டு எழுதுங்கள்.

அதே மாதிரி, சாண்ட்லரில் தெருவுக்குத் தெரு மெஸ்கீட் மரம் நிற்கிறது. நம் கரிசல் காட்டைத் தின்றுகொண்டிருக்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. சீமைக்கருவேலமே இந்த அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போனதுதான். இங்கே மெஸ்கீட்டை நிழலுக்கு வைத்து வளர்க்கிறார்கள், காயைக் காயவைத்து மாவு அரைக்கிறார்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் ஆறு மாதம் காலைநடை போயிருக்கிறார். அந்த மரத்தடியில் ஒருநாள்கூட நின்று முறைக்காமல் இருந்திருப்பாரா?

முள்செடி மரத்துக்கும் ஒரு வார்த்தை. 1957-இலிருந்து உங்கள் ஊர் அதைக் கட்டுகிறது. காற்றில் உருண்டு வரும் காய்ந்த செடிகளைப் பொறுக்கி அடுக்கி, தீப்பிடிக்காமல் மருந்தடித்து, வெள்ளை பூசி, ஜிகினா தூவுகிறார்கள். அந்தச் செடியின் சொந்த ஊர் ரஷ்யப் பக்கம். 1870-களில் ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவுக்கு வந்து, உருண்டு உருண்டு மேற்கு முழுக்கப் பரவிவிட்டது. உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். கிளம்புவதற்குள் இந்தப் பதிலைச் சொல்லிவிடுங்கள்.

சோய்யாவில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். எப்படி எடுத்தீர்கள்? கையால் பிடித்து இழுத்திருந்தால் கையிலும் ஒட்டியிருக்கும். அதன் முள்ளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் பின்பக்கமாக வளைந்து நிற்கின்றன, லேசாக உரசினாலே கணு கழன்று ஏறிக்கொள்ளும். சீப்பை அடியில் கொடுத்து ஒரே சுண்டு சுண்டவேண்டும். பாலைவனத்தில் நடக்கப் போகிறவர்கள் பையில் தண்ணீரோடு ஒரு பல் அகன்ற சீப்பும் இருக்கவேண்டும். யார் சீப்பு அது, அம்மாவுடையதா? அந்தச் சீப்பை அம்மா அதற்கப்புறம் தலைக்கு உபயோகித்தாரா?

பறங்கிக்காய் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். "சாப்பிடத் தெரிஞ்சது அதுகளுக்குத்தான்." கூட்டு வைக்கவேண்டிய காயைக் குடைந்து கண் மூக்கு வெட்டி வாசலில் அழுகவிடுவதைப் பார்த்து ஒரு மாதம் பொருமிக்கொண்டிருந்த ஒருத்தர் சொன்ன வார்த்தை. ஹாவெலீனாக்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், கள்ளியையே முள்ளோடு மென்று தின்கிறவை. அவற்றுக்கு அக்டோபர் மாதம் வாசலுக்கு வாசல் விருந்து. அந்த ஒரு வரியில் உங்கள் அம்மாவும் இருக்கிறார், இடமும் இருக்கிறது. நீங்கள் அதைக் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியில் போட்டிருக்கிறீர்கள்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்று கேட்டிருந்தீர்கள். எது கைக்கு வருகிறதோ அது. அவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே எழுதுங்கள். இலக்கியமாகுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போது உங்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் என்றால் சில நாள்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். அன்று நீங்கள் எல்லோரும் வெயிலில் காய்ந்தபோது அப்பா நிம்மதியாக இட்லி சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியும். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று அந்த வாட்ச் சொல்லியிருக்கும். மகள் அவ்வளவு சத்தம் போட்டாளே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். நாலு மாதமாக "வாட்ச் மாறாத மனுஷர்" என்ற பெயரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் டூரைக் கூப்பிட்டபோது அவர் வாட்சைப் பார்த்தாரா? பார்த்துவிட்டு ஏதாவது சொன்னாரா, இல்லை டப்பாவை மூடிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வரிசையில் போய் நின்றாரா? அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.